எண்ணப்படாத பயணங்கள்

பட்டப்படிப்பை முடித்த மகள், அடுத்துப் போக்குவரத்துத் திட்டமிடலில் முதுமாணிப் பட்டம் பெற விரும்புவதாகச் சொன்னால், எமது வீடுகளில் எழும் முதற் கேள்வி "பஸ் விடுவதற்கும் ஒரு படிப்பா?" என்பதாகவே இருக்கும். மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்னும் மூன்று வாசல்களுக்கு அப்பால் எமது பார்வை செல்வது அரிது. இப்படிப்பு எதனைக் கற்பிக்கின்றது என்பதை அறிந்தால் அவ்வாறு கேட்கத் தயங்குவோம்.

பிரித்தானியாவில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்துக் கற்கைகள் நிறுவகம் 1966ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. இலண்டனிலும் இத்துறை கற்பிக்கப்படுகின்றது. முழுநேரமாகப் பயின்றால் ஓராண்டு. பொறியியலாளர் மட்டுமன்றிப் புவியியல், பொருளியல், கணிதம் கற்றோரும் சேரலாம்.

மாணவர் கற்கும் அடிப்படைப் பாடம், நான்கு படிகளைக் கொண்ட ஒரு கணிப்பு. ஓர் இடத்திலிருந்து எத்தனை பயணங்கள் புறப்படும்? அவை எங்கே செல்லும்? காரிலா, பஸ்ஸிலா, ரயிலிலா? எந்த வழியால்? இவற்றுக்கு எண்களால் விடை காண்பர். அடுத்து, பயணிகள் மிச்சப்படுத்தும் நேரத்துக்குப் பண மதிப்பிட்டு, அதனைத் திட்டச் செலவோடு ஒப்பிடுவர். இலண்டன் விக்ரோறியா நிலக்கீழ் ரயில் பாதை குறித்துப் பொஸ்ரர், பீஸ்லி ஆகிய இருவரும் 1963இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்னோடி. அந்த ரயிலில் ஏறாதவர்களும், வீதி நெரிசல் குறைவதால் பெறும் நன்மையை அவர்கள் கணக்கிற் சேர்த்தனர். புதிய வீதிகள் புதிய வாகனங்களையும் வரவழைக்கும் என்பதைப் பிரித்தானிய அரசின் ஆலோசனைக் குழுவொன்று 1994இல் எடுத்துரைத்தது. அதுவும் இன்று பாடமே.

எம்மைத் தொடும் இடம் இதுதான். இக்கணிப்புகள் நெடுங்காலமாக வேலைநாட்களின் காலை நெரிசல் வேளையையே முதன்மையாகக் கொண்டு அமைந்தன. அதிகாலை மூன்று மணிக்கு அலுவலகம் துப்புரவாக்கப் புறப்படுபவரும், பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை முடித்துத் திரும்புபவரும் அந்த வேளைக்குள் அடங்கார். பிள்ளையைப் பாடசாலையில் விட்டு, வேலைக்குச் சென்று, கடைக்கும் போய் வீடு திரும்பும் தாயின் பயணம் ஒரு நேர்கோடன்று. இலண்டனில் 2016 முதல் வெள்ளி, சனி இரவுகளில் சில நிலக்கீழ் ரயில் பாதைகள் விடியும்வரை இயங்குகின்றன. ஆனால், செவ்வாய் இரவு வேலைக்குப் போகிறவருக்கு இரவு பஸ்ஸே கதி.

எண்ணப்படாதவருக்குப் பாதை அமைவதில்லை. ஒரு திட்டத்தால் நன்மை அடைபவர் யார், விடுபடுபவர் யார் என்ற வினாவையும் இத்துறை இன்று கற்பிக்கின்றது. அதற்கு விடை தேட, பனிக்குளிரில் இரவு பஸ்ஸுக்குக் காத்துநின்ற தந்தையின் பிள்ளையைவிடத் தகுதியானவர் யார்? அந்தப் பிள்ளை திட்டம் வரையும் மேசையில் அமரட்டும். நாம் தடுக்க வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. வந்த நாள் தொட்டுப் படிவம் என்றாலே அஞ்சிப் பழகியவர்கள் நாம். ஆயினும், பயண விபரம் கேட்டும், பஸ் பாதை மாற்றம் பற்றிக் கருத்துக் கேட்டும் வரும் தாள்களைக் குப்பையில் இடாதீர்கள். பிள்ளைகளின் உதவியுடன் நிரப்பி அனுப்புங்கள். எமது பயணங்களும் எண்ணப்படட்டும்.