பீத்துணி அள்ள நாங்க, ஊசி போட நீங்களா?

குழந்தைகள் வார்டுக்குள் ஒருதரம் போய்ப் பாருங்கள் தோழர்களே. பீத்துணி அள்ளுகிறவள், தரை துடைக்கிறவள் எந்தத் தெருவிலிருந்து வந்தவள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இன்குபேட்டருக்குள் கைவிட்டுப் பச்சப்புள்ளையைத் தொடுகிற நர்சுகளில் நம்ம பொண்ணுங்க எத்தனை பேர்? பல ஊர்களில் ஊர்த்தெருப் பிள்ளைகளையும் கையேந்தி எடுத்தவள் நம் கிழவிதான். தீட்டு வேலையாக இருந்தவரை அவள் வேண்டும். சம்பளமும் சீருடையும் வந்ததும் 'தகுதி' கேட்கிறார்கள்.

என் அக்கா மகள் பனிரெண்டாவது முடித்ததும், "கொழந்தைங்க நர்சு ஆவணும் மாமா" என்றாள். பஸ் ஸ்டாண்டு மாடியில் இருந்த ஒரு இன்ஸ்டிட்யூட்டில், அக்கா தோட்டை அடகு வைத்துச் சேர்த்தோம். ஒரே வருசம், சர்ட்டிபிகேட்டும் கொடுத்தான். நர்சுகள் கவுன்சிலில் பதியப் போனால் செல்லாத காகிதம். இன்று தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சு உடுப்பில் ஆயா வேலை பார்க்கிறாள். அவளைச் சொல்லிக் குத்தமில்லை. ஊர் ஊராய்க் கூட்டம் பேசிய நான் விசாரிக்கவில்லை.

பனிரெண்டாவதிலிருந்து நேரே குழந்தைகள் நர்சு ஆகிற படிப்பு இங்கே கிடையாது. முதலில் பொது நர்சு ஆக வேண்டும்: மூன்று வருச டிப்ளமோ, அல்லது நாலு வருச பி.எஸ்சி. நர்சிங். முடித்துக் கவுன்சிலில் பதிய வேண்டும். அதன்பிறகுதான் பச்சிளம் குழந்தைப் பராமரிப்பில் ஒரு வருச டிப்ளமோ. டிப்ளமோக்காரர்கள் இரண்டு வருசம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்து மேலே ஏறலாம். வேலை அனுபவமும் சேர்த்துக்கொண்டால் குழந்தைகள் நல நர்சிங்கில் எம்.எஸ்சி., அது இரண்டு வருசம். பி.எஸ்சி.யில் சேர அறிவியல் பாடங்களில் பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடிக்கு 40. தகுதி தகுதி என்று கத்துகிறவர்களின் மொத்தக் கோபமும் இந்த அஞ்சு மார்க்குக்குத்தான்.

இன்னொரு குழி மேனேஜ்மென்ட் கோட்டா. "ஸ்காலர்ஷிப் வந்துரும்மா" என்பான் புரோக்கர். வராது. மத்திய அரசு 2018-இல் போட்ட விதிப்படி, அந்தக் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இல்லை. கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டு இடம் எடுத்தால்தான் உண்டு. இந்த ஒரு வரி தெரியாமல் எத்தனை தோடு அடகுக்குப் போகிறது!

ரிசல்ட் வருகிற வாரம் நம் தோழர்கள் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். புரோக்கர் சேரிக்குள்ளேயே வந்து, நம் வீட்டிலேயே டீ குடித்துவிட்டு, மார்க்‌ஷீட்டை வாங்கிக்கொண்டு போகிறான். சாதிச் சான்றிதழும் விண்ணப்பமுமாக அவனுக்கு முன்னே அந்தத் திண்ணையில் நாம் உட்கார்ந்திருக்க வேண்டாமா?

அக்கா மகளுக்கு இந்த வருசம் மறுபடி விண்ணப்பம் போடுகிறோம். வயசு இருக்கிறது. தோட்டைத்தான் இன்னும் மீட்கவில்லை.