தென்துருவக் குடிலும் தெருமூடி மடமும்

உறைகுளிரில் எதுவும் கெடுவதில்லை என்பது நம்மிற் பலருடைய அபிப்பிராயம். 1911ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்கொட் என்னும் ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியும் அவருடைய சகாக்களும் அந்தாட்டிக்காவின் ஈவன்ஸ் முனையில் எழுப்பிய மரக்குடிலின் சரித்திரம் அதனை மறுக்கிறது. கடற்காற்றோடு வரும் உப்பு பலகையின் நாரைப் பிரிக்கிறது. கோடையில் உருகிய பனிநீர் தரைக்கடியிற் புகுந்து மீண்டும் உறைகிறது. அக்குளிரிலும் உயிர்வாழும் பூஞ்சணம் மரத்தை உளுக்கச் செய்கிறது. 1987இல் நியூசிலாந்தில் இத்தகைய குடில்களுக்கெனத் தோன்றிய மரபுரிமை நிதியத்தார், அக்குடிலைப் புதிதாக்க முற்படாமல், பழைய பலகை தாங்குமளவும் அதனையே நிலைநிறுத்தி, உள்ளே கிடந்த தகரப்பேணி, சப்பாத்து, மருந்துப்புட்டி ஈறாகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களை ஒவ்வொன்றாகப் பக்குவஞ்செய்து, எடுத்த இடத்திலேயே திரும்பவும் வைத்தனர். துருவத்தின் நீண்ட இருட்காலத்திலும் அந்தாட்டிக்காவிலேயே தங்கி அப்பணியைச் செய்தோர் உண்டென்பதை எண்ணுந்தோறும் என் உள்ளம் அவர்களை வணங்குகிறது.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில், எங்கள் ஊராகிய கரவெட்டியிலிருந்து சிறிது தூரத்திலுள்ள பருத்தித்துறையில், தெருவின் இருமருங்கும் கல்திண்ணையும் தூண்களும் நிற்க, மேலே கூரை தெருவையே மூடிச் செல்ல, வழிப்போக்கர் இளைப்பாறுவதற்கென்று நம் முன்னோர் சமைத்த தெருமூடி மடத்துக்கும் பகை அதே உப்புத்தான். வாடைக்காற்றும் மாரிமழையும் அதனைச் சுவருக்குள் ஏற்றுகின்றன. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சீமெந்தைப் பூசினால், வெளியேற வழியற்ற ஈரம் கல்லினூடாகவே வந்து உலர, உப்பு கல்லின் முகத்திற் படிகமாகி அதனைப் பொருக்குப் பொருக்காக உதிர்த்துவிடுகிறது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இத்தகைய திருத்தங்கள், எங்கள் ஊர் நாற்சார் வீடுகளிலும், யுத்தம் விட்டுவைத்தவற்றைக்கூட அழித்துவருவது கண்டு மனம் பதைக்கிறது.

இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் புராதன சின்னங்களைச் சிதைப்போரைத் தண்டிக்கும். சாந்து குழைக்க அது கற்பிக்காது. ஆகவே, தொல்பொருட் திணைக்களமும் வடமராட்சியின் உள்ளூராட்சி மன்றங்களும் ஒன்றுகூடி, சுண்ணாம்பு நீற்றி அரைக்கும் கைவேலையை அறிந்த முதிய மேசன்மார் உள்ளபோதே, அவர்களை ஆசிரியராகக் கொண்டு இளைஞர்க்குச் சம்பளத்தோடு பயிற்சியளித்தல் வேண்டும். பயின்ற அவ்விளைஞர் ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னர் இக்கட்டடங்களின் கூரையையும் மூட்டுவாய்களையும் சோதித்துச் சீர்செய்யுமாறு வரவுசெலவுத் திட்டத்தில் நிரந்தரமாகப் பணமும் ஒதுக்குதல் வேண்டும்.