மம்மி பேயுமல்ல, கருவாடுமல்ல



நேற்று பழைய மாணவர் குழுவில் ஒரு மம்மி படம் வந்தது. "மூவாயிரம் வருஷத்துக் கருவாடு" என்று கீழே எழுத்து. எத்தனை சிரிப்புப் பொம்மைகள்! எகிப்துப் பாடத்தை என்னிடமே படித்தவர்களும் அதில் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உப்பில் உலர்த்தியது உண்மைதான். நேட்ரான் என்ற இயற்கை உப்பில் சுமார் 40 நாள்; பிசின் தடவி, துணி சுற்றி முடிக்க மொத்தம் 70 நாள். ஏன் இவ்வளவு பாடு? இறந்தவரின் 'பா' என்ற உயிர்க்கூறு பகலில் பறந்து திரிந்து இரவில் தன் உடலுக்குத் திரும்பும், உடல் அழிந்தால் அதற்கு வீடில்லை என்று நம்பினார்கள். மூளையை மூக்கு வழியாக எடுத்து எறிந்தவர்கள், இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டார்கள். அறிவும் மனசாட்சியும் அங்கேதான் என்பது அவர்கள் எண்ணம். (நாமும் 'மனசு' என்றால் நெஞ்சைத்தானே தொடுகிறோம்?) ஓசிரிஸ் முன்னால் அந்த இதயம் தராசில் ஏறும், மறுதட்டில் மாஅத்தின் இறகு. திருடவில்லை, எடையில் ஏமாற்றவில்லை என்றெல்லாம் இறந்தவர் சொல்ல வேண்டும். இதயம் கனத்தால் அம்மிட் என்ற மிருகம் தின்றுவிடும். நம் ஊர் மளிகைக்கடைக்காரர்கள் சிலர் அங்கே பிறக்காமல் தப்பித்தார்கள்.

"எல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். சரியப்பா, நம்பிக்கையை விடு, நடத்தையைப் பார். அந்த உடல்களைப் படித்த ஐரோப்பா என்ன செய்தது? பொடித்து மருந்தென்று விழுங்கியது. ஓவியர்களுக்குப் பழுப்புச் சாயமாக்கி விற்றது. 1830களில் லண்டனில் பெட்டிக்ரூ என்ற மருத்துவர் கூட்டம் கூட்டித் துணியை அவிழ்த்துக் காட்டினார். 1925இல், பிசினில் பெட்டியோடு ஒட்டிக்கிடந்த துட்டன்காமனை கார்ட்டர் குழுவினர் தலையையும் கைகால்களையும் துண்டித்துத்தான் வெளியே எடுத்தார்கள். இருபது வயதைக்கூட எட்டாமல் செத்த பையன் அவன். இதில் யார் காட்டுமிராண்டி?

ஆராய்ச்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்று சி.டி. ஸ்கேன் இருக்கிறது, ஒரு நூலைக்கூடப் பிரிக்காமல் எலும்பும் நோயும் பார்க்கலாம். 2021 ஏப்ரலில் எகிப்து அரசு 22 அரச மம்மிகளைப் பீரங்கி மரியாதையோடு கெய்ரோ வீதியில் ஊர்வலமாகப் புதிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனது. அப்படித்தான் செய்ய வேண்டும்.

கொல்கத்தா, ஹைதராபாத் அருங்காட்சியகங்களிலும் மம்மி உண்டு. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பக்கத்தில் நின்று பல்லிளித்து செல்ஃபி எடுக்க வேண்டாம். அட்டையில் பெயர் இருந்தால் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தம் பெயரை யாராவது உச்சரிக்க வேண்டும் என்றுதான் அவர்கள் கல்லறைச் சுவர்களில் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.