பூட்டு நம்முடையது!

2006-ம் வருஷத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டுக்கு ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி நடந்த சிக்குன்குனியா வருஷம்! என்னிடம் வந்த ஒரு பெரியம்மா, ''வைத்தியரே, காய்ச்சல் மூணே நாள்ல போயிடுச்சு. மூட்டுவலி மூணு மாசமாப் போகலையே... இந்தக் கிருமி ஏன் மூட்டையே தேடிப் போகுது?'' என்றார். கஷாயமும் தைலமும் கொடுத்தேன், வலி தணிந்தது. கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

பதிலில் ஒரு பகுதி 2018-ல் கிடைத்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், இந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் புரதம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பெயர் எம்எக்ஸ்ஆர்ஏ8. மூட்டு, தசை செல்களின் மேல் அது இருக்கிறது. அதைப் பூட்டு என்றும், வைரஸைக் கள்ளச்சாவி என்றும் வைத்துக்கொள்ளுங்களேன். போலிப் பூட்டு ஒன்றைச் செய்து எலிக்குச் செலுத்தினார்கள். வைரஸ் ஏமாந்து அதில் ஒட்டிக்கொள்ள, எலியின் பாத வீக்கம் குறைந்தது!

இன்னொரு வேடிக்கை... மாட்டின் பூட்டில் கூடுதலாக 15 அமினோ அமிலங்கள் துருத்திக்கொண்டிருப்பதால், கள்ளச்சாவி அதில் நுழைவதில்லை. இது 2020-ல் தெரியவந்தது.

வைரஸ் அடிக்கடி உருமாறும். நம் பூட்டு அப்படி மாறாது. ரோஸ் ரிவர், மயாரோ வைரஸ்களும் இதே பூட்டைத்தான் திறக்கின்றன. ஆகவே, பூட்டைக் காக்கும் வழி நல்ல வழி என்பதே என் கட்சி. எய்ட்ஸ் கிருமிக்கு எதிராக இதே வழியில் செயல்படும் மாராவிராக் மாத்திரை 2007-லேயே வந்துவிட்டது.

ஆனால், அவசரம் கூடாது. பூட்டு நம்முடையது, அதற்கென்று உடம்பில் வேறு வேலை இருக்கலாம். இந்தப் புரதமே இல்லாத எலிகள் நன்றாகத்தான் வளர்ந்தன. ஆனாலும் தொற்று குறைந்ததே தவிர, அடியோடு நிற்கவில்லை. அப்படியானால், வேறு வாசலும் உண்டு என்றுதானே அர்த்தம்? டெங்குவுக்கோ ஒரே பூட்டு என்பதே கிடையாது.

இங்கேதான் எங்கள் ஆட்களிடம் எனக்குச் சண்டை. 'நிலவேம்புக் குடிநீர் ரிசெப்டாரை அடைக்கிறது' என்று சிலர் மேடையில் முழங்குகிறார்கள். நானும் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன்தான். காய்ச்சலுக்கு அந்தக் குடிநீரைத் தருகிறவன்தான். ஆனால், சோதிக்காமல் எப்படிச் சொல்வது? பூட்டுள்ள செல், பூட்டை நீக்கிய செல், இரண்டிலும் குடிநீரைச் சோதித்துப் பார்க்கட்டும். பூட்டுள்ள செல்லில் மட்டும் பலன் தெரிந்தால் மேற்கொண்டு ஆராயலாம். இரண்டிலும் தெரிந்தால், அது வேறு வழியில் வேலை செய்கிறது. எதிலும் தெரியாவிட்டால், அதையும் ஒப்புக்கொள்வோம். மருந்துக்குப் பெருமை சேர்ப்பது முழக்கமல்ல, சோதனைதான்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு, தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில்தான் முட்டையை ஒட்டவைக்கிறது. தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ச்சல் வந்தால், கஷாயம் குடித்தாலும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்!