முறிந்த கால் முளைக்கும் விந்தை



கடற்கரைக்குச் செல்லும் நம் சிறுவர்கள் நண்டுக்குஞ்சைப் பிடித்து அதன் காலைப் பிய்த்து விளையாடுவதைக் கண்டிருப்பீர்கள். கண்டித்தால், "அதுதான் திரும்பவும் முளைத்துவிடுமே!" என்பார்கள். முளைப்பது உண்மைதான். ஆனால் எவ்வாறு முளைக்கிறது, அதற்காக அச்சிற்றுயிர் எதை இழக்கிறது என்பதை அறிந்தால், நீட்டிய கை தானே பின்வாங்கும்.

பழவேற்காடு ஏரியிலும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் வாழும் சேற்று நண்டையே எடுத்துக்கொள்வோம். அதன் உடலைத் தாங்குவது வெளியே உள்ள ஓடு. ஓடு வளராது, ஆகவே உடல் வளர வேண்டுமாயின் ஓட்டைக் கழற்றியே தீரவேண்டும். குஞ்சு சில நாட்களுக்கு ஒருமுறை சட்டை உரிக்கும். வளர்ந்த நண்டுக்கோ மாதக்கணக்கில் இடைவெளி உண்டு. பழைய ஓட்டின் சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதியை உடல் முன்கூட்டியே உறிஞ்சிக்கொள்கிறது. பின்பு ஓடு பிளக்க, நண்டு பின்னோக்கி வெளியேறி, நீரை உட்கொண்டு பருத்து, புதிய ஓடு இறுகும் வரை ஒளிந்து கிடக்கிறது.

எதிரி காலைப் பற்றினால், நண்டு அக்காலைத் தானே கழற்றிவிட்டுத் தப்பும். காலின் அடிப்பகுதியில் முறிவதற்கென்றே ஓரிடம் அமைந்துள்ளது. அங்குள்ள சவ்வு மூடிக்கொள்வதால் இரத்தப்போக்கு நிற்கிறது. அவ்விடத்தில் மொட்டு ஒன்று தோன்றி, உறைக்குள் மடிந்தபடியே புதிய கால் வளர்கிறது. அடுத்த சட்டை உரிப்பின்போதுதான் விரிகிறது. முதலில் அது சிறியதாகவே இருக்கும். இரண்டு மூன்று உரிப்புகளுக்குப் பின்னரே முழு அளவை நெருங்கும்.

உடல் வளர்ச்சிக்குரிய சத்தின் ஒரு பங்கு காலுக்குச் செலவாவதால் வளர்ச்சி குன்றலாம். இடுக்கியை இழந்தால் இரை பிடிப்பதும் எதிரியைத் தடுப்பதும் கடினம். கையால் இழுக்கும்போது வேறிடத்தில் கிழிந்தால் இரத்தம் வடிந்து உயிரே போகக்கூடும். சிலந்தி நண்டு போன்ற சில இனங்கள் பருவமடைந்தபின் சட்டை உரிப்பதே இல்லை. அதன்பின் இழந்த கால் இழந்ததே!

பெற்றோர்களே! ஆபத்தில் தப்புவதற்காக அல்லாஹ் அருளிய ஏற்பாடு இது. நம் விளையாட்டுக்காக அன்று. வாயில்லா ஜீவன்களிடமும் இரக்கம் காட்டப் போதித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். "முளைத்துவிடும்" என்று பிள்ளை சொன்னால், "முளைக்கும்வரை அது எப்படி இரை தேடும்?" என்று கேளுங்கள். அதன் பிஞ்சு உள்ளத்தில் இரக்கம் முளைக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.