சிரிப்புக்கு நடுவே ராதிகா

சேத்தன் பகத் 2005-ல் எழுதிய 'ஒன் நைட் அட் தி கால் சென்டர்' நாவலைப் படித்தீர்களோ? குர்காவ் ஆபீஸில் ஆறு பேர், ஒரே ராத்திரி. அமெரிக்கர்களின் அடுப்பு, பிரிட்ஜ் கோளாறுகளுக்கெல்லாம் போனிலேயே வைத்தியம்! ஷ்யாம் அங்கே 'சாம்' ஆகிவிடுகிறான். 35 வயது அமெரிக்கர் மூளையும் 10 வயது இந்தியக் குழந்தை மூளையும் சமம் என்று டிரெயினிங்கில் பாடமே நடக்கிறது, போங்கள்! விழுந்து விழுந்து சிரித்தேன். கடைசியில் கடவுளே போன் பண்ணுவதுதான் கொஞ்சம் ஜீரணமாகவில்லை.

ஆனால் ராதிகா? ராத்திரி ஆபீஸ், விடிந்தால் மாமியார் வீட்டு வேலை. புருஷன் கொல்கத்தாவில். சிநேகிதர்கள் ரேடியோக்காரர் மாதிரி நடித்து, ரோஜாப்பூ யாருக்கு அனுப்பலாம் என்று விளையாட்டாக அவனைக் கேட்கிறார்கள். அவன் வேறொருத்தி பெயரைச் சொல்கிறான், இவள் காதில் விழும்படியே! என் சிரிப்பு அங்கே நின்றுவிட்டது.

நம் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்து அம்மா கோர்வைக்குத் துணையாக உட்கார்ந்து நாடா தள்ளிவிட்டு அடுப்படிக்கும் ஓடுவாள். மகள் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கு ராத்திரி ஷிப்டு போகிறாள். விடிகாலையில் அவள் திரும்பி வந்தால் காப்பி கலந்து கொடுப்பது யார், சொல்லுங்கள்?