‘மறைந்துபோன’ மக்கள்: அனசாசி என்ற பெயரும் ஒரு கட்டுக்கதையும்

ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கில், கொலறாடோ, யூற்றா, அரிசோனா, நியூமெக்சிக்கோ ஆகிய நான்கு மாநிலங்களும் சந்திக்கும் வறண்ட மேட்டுநிலத்தில் ‘அனசாசி’ என்றொரு மக்கட்கூட்டம் வாழ்ந்ததென்றும், பாறைக் குடைவுகளிலே வியத்தகு கட்டடங்களை எழுப்பிவிட்டு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது மர்மமாக மறைந்துபோயிற்றென்றும் உல்லாசப் பிரயாண நூல்கள் நெடுங்காலமாகக் கூறிவந்துள்ளன. இக்கூற்றிற் பெயரும் தவறு, மறைவும் தவறு. இத்தவறு அறியாமையால் மட்டும் விளைந்ததன்று.

‘அனசாசி’ நவஹோ மொழிச் சொல். ‘பகைவரின் முன்னோர்’ என்பது அதற்குக் கூறப்படும் பொருள்களுள் ஒன்று. அயலார் வழங்கிய இச்சொல்லை 1936இல் அல்பிரட் கிடர் தொல்லியற் கலைச்சொல்லாக ஏற்றார். ஹோப்பி, சூனி, ஆக்கோமா முதலிய புவெப்ளோ மக்களே அவர்களின் வழித்தோன்றல்கள். ஹோப்பிகள் தம் முன்னோரை ‘ஹிசற்சினோம்’ என்பர். தன் பாட்டனைப் பகைவனென்று குறிக்கும் நூதனசாலைப் பலகையின்முன் நிற்கும் ஒருவனுக்கு எத்தகைய உணர்வு எழும்? ‘முன்னைப் புவெப்ளோ மக்கள்’ என்ற வழக்கை ஆய்வாளர் இன்று மேற்கொள்வது இதனாலேயே. ஆயினும் பழைய பெயர் முற்றாக ஒழிந்தபாடில்லை.

மர்மக் கதை மறைத்துவிடுவது அம்மக்களின் அன்றாட உழைப்பையே. அவர்கள் கமக்காரர். மழையையும் பனியுருகு நீரையும் நம்பிச் சோளம், அவரை, பூசணி ஆகியவற்றைப் பயிரிட்டனர். ஓடைகளுக்குக் குறுக்கே சிறு கல்லணைகளை அடுக்கி மண்ணையும் ஈரத்தையும் தேக்கினர். பெண்கள் முழந்தாளிட்டுக் கல்லிலே நாள்தோறும் பல மணிநேரம் சோளம் அரைத்தனர். அரைகல்லின் மணற்றுகள் மாவிற் கலந்து பற்களைத் தேய்த்தமைக்கு எலும்புக்கூடுகளே சான்று. யுக்கா நாரிற் பாதரட்சை முடைந்தனர். வான்கோழி வளர்த்து, அதன் இறகுகளை நாரிற் சுற்றிப் பனிக்காலப் போர்வை நெய்தனர். நிலத்தின்கீழ் வட்டமாக அமைந்த ‘கிவா’ என்னும் அறைக்குள் ஏணிவழி இறங்கிச் சடங்காற்றினர். அதன் தரையிலுள்ள சிறு துவாரம், முன்னோர் இவ்வுலகிற்கு ஏறிவந்த வாயிலைக் குறிப்பது. புவெப்ளோ ஊர்களிற் கிவா இன்றும் வழக்கிலுள்ளது. ‘மறைந்துபோன’ பண்பாட்டின் கோயில் இயங்கிக்கொண்டிருப்பது விந்தையன்றோ!

எனினும் அச்சமுதாயத்தை ஏற்றத்தாழ்வற்ற பொற்காலமாகச் சித்திரிப்பதும் பொருந்தாது. சாக்கோப் பள்ளத்தாக்கின் புவெப்ளோ பொனிற்றோ ஏறத்தாழ 650 அறைகளைக் கொண்டது. அப்பள்ளத்தாக்கின் மாளிகைகளுக்கு உத்தரங்கள் ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மலைகளிலிருந்து, சில்லுமின்றி, இழுவை விலங்குமின்றி, மனிதராற் கொண்டுவரப்பட்டன. அதே மாளிகையின் ஓர் அறையிற் சிலர் ஆயிரக்கணக்கான நீலப்பச்சைக் கல்மணிகளோடு அடக்கஞ் செய்யப்பட்டனர். அங்குள்ள சாடித் துண்டுகளிற் கொக்கோவின் எச்சம் இருந்தமை 2009இல் வெளியாயிற்று. கொக்கோ விளைவதோ தொலைதூர வெப்பவலயத்தில். உத்தரம் சுமந்தவனுக்கும் கொக்கோ பருகியவனுக்குமிடையே இருந்த உறவை ஆராய்வதே பயனுடைய ஆய்வு. மர்மம் பேசுவது அன்று.

மறைவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1276 முதல் 1299 வரை கடும் வரட்சி நிலவியதை மரவளையங்கள் காட்டுகின்றன. போரும் இருந்தது. மக்கள் தெற்கும் கிழக்குமாகப் பெயர்ந்து, றியோ கிறாண்டே ஆற்றோரத்திலும் ஹோப்பி, சூனி நிலங்களிலும் குடியேறினர். ஊர் பெயர்ந்தவன் மாண்டவனாகான். சாக்கோவின் பண்டை மக்களோடு தமக்குள்ள மரபணுத் தொடர்பைப் பிக்கூறிஸ் புவெப்ளோ மக்கள் தாமே முன்னின்று நடத்துவித்த ஆய்வு 2025இல் உறுதிப்படுத்தியது. அவர்களின் வாய்மொழி மரபு இதனை முன்னரே கூறிவந்தது. ஆய்வுகூடம் ஒப்பும்வரை அது சான்றாகக் கொள்ளப்படவில்லை என்பதுதான் வேதனை.

உரியவர் இல்லையென்று நிறுவிவிட்டால் எடுத்துச் செல்வது களவாகாது. மர்மக் கதையின் பயன் இதுவே. யூட் மக்கள் அறிந்திருந்த மேசா வேர்டேயின் குன்றுமாளிகையை 1888 டிசெம்பரில் றிச்சேட் வெதரில் ‘கண்டுபிடித்தார்’. 1891இல் அங்கு அகழ்ந்த சுவீடன் நாட்டினரான குஸ்ராவ் நோர்டன்ஷெல்ட் மனித எச்சங்களையும் பொருள்களையும் இரயிலேற்றினார். அவரைக் கைதுசெய்தவர்கள், தடுக்கும் சட்டம் எதுவும் இல்லாமையால் விடுவித்தனர். தொல்பொருட் சட்டம் 1906இலேயே வந்தது. அச்சேகரிப்பு பின்லாந்தின் தேசிய நூதனசாலையைச் சென்றடைந்தது. ஹோப்பி, சூனி, ஆக்கோமா, சியா மக்களின் கோரிக்கையின் பேரில், ஏறத்தாழ 20 பேரின் எச்சங்களும் அவர்களோடு புதைக்கப்பட்டிருந்த 28 பொருள்களும் 2020இல் மீண்டு, மேசா வேர்டேயில் மறுபடியும் அடக்கஞ் செய்யப்பட்டன. அத்தொகுதியின் பெரும்பகுதி அப்போது திருப்பியனுப்பப்படவில்லை.